கத்திக்குக் கையால் தோலுறை தைத்தல்: முதன்முறை தைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் தைத்த முதல் மூன்று உறைகளில் ஒன்றுகூட இன்று பயன்பாட்டில் இல்லை. முதல் உறைக்குள் கத்தி நுழையவே இல்லை. இரண்டாவது, இடதுகைப் பழக்கமுள்ளவருக்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. எனக்கோ வலதுகைப் பழக்கம். மூன்றாவது உறையில் ஒரு மாதத்திற்குள் கத்தியே நூலை அறுத்துவிட்டது. திரும்பிப் பார்க்கையில், மூன்று பிழைகளும் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நேர்ந்துவிட்டிருந்தன என்பது விளங்குகிறது. அதனால்தான் கீழுள்ள விடைகளில் தையலைவிட அதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலகுள்ள, மடங்காத ஒரு சிறு கத்திக்கு, ஒரே தோல்துண்டை மடித்து ஒரு பக்கம் மட்டும் தைக்கும் எளிய உறையை மனத்தில் வைத்து இவை எழுதப்பட்டுள்ளன.

எந்தத் தோலை வாங்க வேண்டும்?

தாவரப் பதனீடு செய்த மாட்டுத்தோலையோ எருமைத்தோலையோ வாங்குங்கள். மரப்பட்டை, காய், இலை முதலியவற்றின் துவர்ப்பால் பதனிடப்பட்ட இந்தத் தோல், நனைத்தால் இளகி, உலர்ந்தபின் கொடுத்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். உறைக்கு வேண்டிய முதன்மையான குணம் அதுதான். குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும், மடிப்பில் தொய்யும், நனைத்தாலும் வடிவம் பிடிக்காது. அதில் எஞ்சியிருக்கும் உப்புகள் அலகில் துரு ஏறவும் துணைபோகும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும்: தாவரப் பதனீட்டுத் தோலின் உட்புறம் வெளிர்பழுப்பாக இருக்கும், குரோம் தோலின் நடுவில் பலவேளைகளில் நீலச்சாம்பல் நிறம் ஓடும். சாயமேற்றாத தோலில் ஒரு சொட்டு நீரைத் தடவி நகத்தால் அழுத்திப் பார்ப்பது இன்னொரு சோதனை. நீர் சட்டென்று ஊறிக் கருமையாகி, நகத்தடம் அப்படியே நின்றால் அது உறைக்கு ஏற்ற தோல்.

கனம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். விரல்நீளச் சிறுகத்திக்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும். சில விற்பனையாளர்கள் கனத்தை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் என்பதால், 8 அவுன்ஸ் தோல் 3.2 மில்லிமீட்டர் கனமுள்ளது. முதுகு, தோள் பகுதிகளின் தோல் இறுக்கமானது. வயிற்றுப் பகுதித் தோல் விலை குறைவாகக் கிடைத்தாலும் இழுத்தால் நீளும். உறைக்கு அது வேண்டாம்.

பழைய கைப்பை, காலணித் தோலில் தொடங்கலாமா?

தையல் பழக மட்டும் தொடங்கலாம். உறையாக அது நிற்காது.

குறைந்தபட்சம் என்னென்ன கருவிகள் வேண்டும்?

புதிய அலகு மாட்டிய வெட்டுக்கத்தி, இரும்பு அளவுகோல், கவராயம், சாய்சதுர முனையுள்ள குத்தூசி, முனை மழுங்கிய இரண்டு ஊசிகள், மெழுகிட்ட நூல், தோலுக்கான கான்டாக்ட் பசை, சில காகிதக் கிளிப்புகள், 240, 400 எண்களில் உப்புத்தாள், ஒரு தக்கை. இவ்வளவு இருந்தால் ஓர் உறையை முழுமையாக முடித்துவிடலாம். பல் வரிசையுள்ள துளையுளியும், அதை அடிக்கக் கொட்டாப்புளியும் இருந்தால் வேலை சீராக வரும். துளையுளியை இரும்புச் சுத்தியால் அடித்தால் அதன் தலை சிதைந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தோலை முழங்கால்களுக்கிடையில் பிடித்துக்கொள்ளும் மரக்கவ்வியைப் பலர் முதல்நாளே வாங்குகிறார்கள். இரண்டு கைகளும் தைப்பதற்குக் கிடைக்கும் என்பதால் அது நல்ல கருவிதான். ஆனால் தொடக்கத்தில், இரண்டு மரப்பலகைத் துண்டுகளை ஒரு வைஸில் இறுக்கி அவற்றுக்கு நடுவில் தோலைப் பிடிக்க வைத்தாலும் அதே பயன் கிடைக்கும்.

உறைக்கு அளவு எடுப்பது எப்படி?

முதலில் கத்தியின் கூர்ப்பக்கம் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். அளவெடுக்கும்போது பட்ட வெட்டுகள்தான் எனக்கு அதிகம். தைக்கும்போது பட்டவை குறைவு. பிறகு ஒரு கனத்த அட்டையின் நடுவில் நேர்கோடு ஒன்று வரைந்து, கத்தியின் முதுகு அந்தக் கோட்டின்மேல் படும்படி படுக்கவைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடிழுங்கள். கத்தியை முதுகின்மேல் உருட்டி மறுபக்கம் படுக்கவைத்து, அங்கும் கோடிழுங்கள். இந்த உருட்டலைத் தவிர்த்து, ஒரு பக்கத்தின் கோட்டை அப்படியே மறுபக்கத்துக்குப் படியெடுப்பவர்கள், முதுகின் கனத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். என் முதல் உறைக்குள் கத்தி நுழையாததற்கு அதுவே காரணம்.

கூர்ப்பக்கத்தின் கோட்டிலிருந்து வெளியே 3 அல்லது 4 மில்லிமீட்டர் தள்ளித் தையல் ஓட வேண்டும்; தையலிலிருந்து ஓரம் வரை இன்னும் 5 மில்லிமீட்டர் வேண்டும். கைப்பிடி உள்ளே போகும் இடத்தில், கைப்பிடியின் கனத்துக்கு ஏற்ப ஓரத்தை மேலும் விரித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் மூன்றில் ஒரு பங்காவது உறைக்குள் இறங்கினால்தான் தோல் அதைக் கவ்விப்பிடிக்கும். அலகை மட்டும் மூடும் உறை, குனிந்தவுடன் கத்தியைக் கீழே தள்ளிவிடும். மடித்த அட்டையைக் கிளிப்புகளால் இறுக்கிக் கத்தியை நுழைத்துப் பாருங்கள். அட்டை மெல்லியது, தோல் கனத்தது. ஆகவே அட்டையில் கச்சிதமாக இருப்பது தோலில் இறுக்கும். அட்டையில் கத்தி சற்றுத் தளர்வாக ஆட வேண்டும்.

தோலை வெட்டும் முன், மடித்த அட்டையைக் கத்தியோடு இடுப்பில் வைத்துப் பார்த்து, உடலை ஒட்டும் முகத்தில் "உடல்புறம்" என்றும் மற்றதில் "வெளிப்புறம்" என்றும் எழுதிவிடுங்கள். பெல்ட் நுழையும் வளையம் உடல்புறத்திலிருந்து எழ வேண்டும். தோலின் சதைப்புறத்தில், அதாவது சொரசொரப்பான உட்புறத்தில், அட்டையை வைத்து வரையும்போது இடமும் வலமும் மாறிவிடும் என்பதை யார் சொல்லியும் நான் கேட்டுக்கொண்டதில்லை. 3 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல தோலை வீணாக்கிய பிறகே கற்றுக்கொண்டேன்.

இரண்டு ஓரங்களுக்கு நடுவே ஒரு பட்டையை வைக்கச் சொல்கிறார்களே, அது கட்டாயமா?

கட்டாயம். வெல்ட் என்று சொல்லப்படும் இந்த இடைப்பட்டை இல்லாமல் தைத்தால், கத்தியைச் செருகும் ஒவ்வொரு முறையும் அதன் கூர்ப்பக்கம் நேராக நூலின்மேல் உரசும். நூல் அறுபடுவது வெளியிலிருந்து தெரியாது. முகத்தில் தையல் அழகாக இருக்கும்போதே உள்ளே அது அற்றுப்போயிருக்கும். ஒருநாள் கத்திமுனை ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இடைப்பட்டை இருந்தால் கூர்ப்பக்கம் தோலின்மேல் அமரும், நூல் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

உறைக்கு வெட்டிய அதே தோலின் மிச்சத்திலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்தில், ஓரத்தின் வளைவையே பின்பற்றி இதை வெட்டுங்கள். அதன் கனம், கத்தி முதுகின் கனத்துக்குக் குறையாமல் இருந்தால் அலகு இறுக்கமின்றி நுழையும். பட்டை முடியும் மேல்நுனியைச் சதைப்புறத்தில் சீவி மெலித்துவிட்டால், உறையின் வாயில் படிபோலத் துருத்திக்கொண்டிருக்காது.

தைப்பதற்கு முன் ஒட்ட வேண்டுமா?

ஒட்டுங்கள். ஒட்டாத அடுக்குகள் துளையிடும்போது நகரும், நகர்ந்த துளைகள் தையலில் சேராது. ஒட்டும் இடங்களை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு முகங்களிலும் பசையை மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்தபின் சேர்த்து அழுத்துங்கள். பதம் வருவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம் ஆகும். கான்டாக்ட் பசை ஒருமுறை சேர்ந்தால் நகர்த்த முடியாதது. எனவே மடிப்பிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி மெதுவாகச் சேருங்கள். பெல்ட் வளையத்தை இதற்கு முன்பே, உறை தட்டையாக இருக்கும்போதே தைத்து முடித்துவிட வேண்டும். உறையை மூடியபின் அங்கே கை நுழையாது. பசையின் ஆவி தலைசுற்றலைத் தரும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

முன்பக்கத் தையல் நேராக இருக்கிறது, பின்பக்கம் பாம்புபோல் நெளிகிறதே, ஏன்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. விடை துளையில் இருக்கிறது. மூன்று அடுக்குத் தோல் சேர்ந்து 9 அல்லது 10 மில்லிமீட்டர் கனம் வந்துவிடுகிறது. அந்தக் கனத்தில் குத்தூசி சற்றுச் சாய்ந்தாலும், பின்பக்கத்தில் வெளிவரும் முனை இரண்டு மில்லிமீட்டர் விலகிவிடும். ஊசியும் நூலும் துளை காட்டிய வழியில்தான் போகும், வேறு வழி அவற்றுக்கு இல்லை.

முதலில் மூன்று அடுக்கும் ஒரே ஓரமாகும்வரை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஓரம் நேராக இல்லாவிட்டால் அதிலிருந்து அளக்கும் கோடும் நேராக இராது. கவராயத்தின் கால்களை 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, ஒரு காலை ஓரத்தில் ஓட்டி, மறுகாலால் முகத்தில் கோடு கீறுங்கள். அந்தக் கோட்டில் 4 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளியாகத் துளையுளியாலோ கவராயத்தாலோ தடம் பதியுங்கள். அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 தையல்கள் வரும். துளையுளி மூன்று அடுக்கையும் துளைத்துப் போகாது. அது வெறும் தடம் பதிக்கத்தான். துளைப்பது குத்தூசியின் வேலை.

குத்தூசி கூர்மையாக இருக்கிறதா என்பதை அதன் ஒலியே சொல்லிவிடும். தீட்டிய குத்தூசி, முன்கையின் அழுத்தம் மட்டும் கொடுத்தால் ஓசையின்றி இறங்கும். மழுங்கியது கிறீச்சிடும், அப்போது கை தானாகவே முறுக்கிக் குடையத் தொடங்கும், குடைந்த இடத்தில் துளை பெரிதாகிக் கோணும். கடையில் வாங்கும் குத்தூசிகள் பெரும்பாலும் தீட்டப்படாமலேயே வருகின்றன. நுண்ணிய உப்புத்தாளிலும், பிறகு பாலிஷ் பசை தடவிய தோல்பட்டையிலும் நான்கு முகங்களையும் இழுத்துத் தீட்டிவிட்டு, முனையைத் தேன்மெழுகில் ஒருமுறை குத்தியெடுத்துத் தொடங்குங்கள். சாய்சதுர முனையின் சாய்வு ஒவ்வொரு துளையிலும் ஒரே பக்கம் பார்க்கட்டும். குத்தூசி வெளியேறும் இடத்தில் விரலை வைக்காமல் தக்கையை வைத்துப் பிடியுங்கள். தோலை மேசையில் படுக்கவைத்துக் குத்துவதைவிட, செங்குத்தாகக் கவ்வியில் நிறுத்திக் கண்மட்டத்தில் பக்கவாட்டாகக் குத்தினால் சாய்வு உடனே கண்ணுக்குத் தெரியும்.

மின்துளைப்பானில் 1.5 மில்லிமீட்டர் அலகைப் பொருத்தித் துளையிடுபவர்களும் உண்டு. தாங்கியில் நிறுத்திய துளைப்பானில் துளைகள் பிசகாமல் நேராக வரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குத்தூசி தோலின் இழைகளை விலக்குகிறது, நூல் இறுகியதும் அவை மீண்டும் மூடிக்கொள்கின்றன. துளைப்பானோ தோலை அகற்றிவிடுகிறது, வட்டத்துளை திறந்தே கிடக்கிறது. முதல் உறைக்கு அது குற்றமில்லை என்பேன். பத்தாவது உறைக்கும் அதையே நாடினால், குத்தூசி இன்னும் தீட்டப்படவில்லை என்று பொருள்.

நூல் எவ்வளவு நீளம் வேண்டும்?

"தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு" என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். மெல்லிய தோலுக்கு அது சரி. உறைக்கு அது போதாது. கணக்கு எளிது. இரு ஊசிகளின் நூலும் ஒவ்வொரு துளையிலும் தோலின் கனத்தைக் கடந்து, பிறகு அடுத்த துளைவரை முகத்தில் ஓடுகின்றன. தோல் 10 மில்லிமீட்டர், இடைவெளி 4 மில்லிமீட்டர் என்றால், ஒரு தையலுக்கு ஒரு நூல் 14, இரு நூலும் 28 மில்லிமீட்டர். அதாவது தையல் நீளத்தைப்போல் 7 மடங்கு. மொத்தம் 3 மில்லிமீட்டர் கனமுள்ள பணப்பையில் அதே கணக்கு 3.5 மடங்கைத் தரும். நான்கு மடங்கு என்ற பேச்சு அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். எனவே 15 சென்டிமீட்டர் தையலுக்கு 105 சென்டிமீட்டர் நூல் தையலுக்குள் போய்விடும். ஊசியில் கோக்கவும், கையில் பிடிக்கவும், பின்னோக்கித் தைக்கவும் இன்னும் 50 சென்டிமீட்டராவது சேர்த்து வெட்டுங்கள்.

நூலின் கனம் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை. மெழுகிட்ட பாலியஸ்டர் நூல் மலிவானது, ஈரத்தில் இற்றுப்போகாது. லினன் நூல் கைக்கு இதமானது, துளையில் நன்றாக அமரும், ஆனால் தேன்மெழுகு நன்றாகத் தேய்க்க வேண்டும். சாதாரணத் தையல்நூலை நான்காக முறுக்கிப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, வேண்டாம்.

இரண்டு ஊசியால் தைக்கும் முறையை விளக்க முடியுமா?

சேணத்தையல் என்னும் இந்த முறையில் ஒரே நூலின் இரு நுனிகளிலும் ஊசிகள் இருக்கும். கோத்த நுனியில் ஊசியால் நூலையே ஒருமுறை குத்தி இழுத்துப் பூட்டிவிட்டால் ஊசி கழன்று வராது. முதல் துளையில் ஓர் ஊசியை நுழைத்து, இரு பக்கமும் நூல் சமமாகும்வரை இழுத்துக்கொள்ளுங்கள். அடுத்த துளையில் முதலில் இடக்கை ஊசியை நுழைத்து வலப்பக்கம் இழுங்கள். வந்த நூலை உங்களை நோக்கிச் சற்று இழுத்துப் பிடித்தால், துளைக்குள் அதற்குப் பின்னால் கொஞ்சம் இடம் தெரியும். வலக்கை ஊசியை அந்த இடத்தில் நுழையுங்கள். ஊசி பாதி நுழைந்ததும், முதல் நூலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தடையின்றி ஆடினால் ஊசி நூலைக் குத்தவில்லை. ஆடாவிட்டால் ஊசியை வெளியே எடுத்து மறுபடி நுழைக்க வேண்டும். குத்திய நூல் இறுகாது, பிரிக்கவும் முடியாது. பிறகு இரு நூலையும் ஒரே விசையில் இழுத்து இறுக்குங்கள்.

எந்த ஊசி முதலில் போகிறது, இரண்டாவது ஊசி முதல் நூலின் எந்தப் பக்கம் போகிறது என்ற இரண்டும் தொடக்கம் முதல் கடைசிவரை மாறக் கூடாது. நடுவில் எழுந்து போய்த் திரும்பி வந்தபின் ஒரு தையல் மட்டும் வேறு சாய்வில் நிற்பதைப் பார்த்தால், காரணம் இதுதான்.

எந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் துளைக்குள் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் நெகிழும். சேணத்தையலில் இரு நூலும் எல்லாத் துளைகளையும் கடப்பதால், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும்.

தொடங்குவதும் முடிப்பதும் எங்கே?

உறையின் வாயில்தான் இழுவிசை அதிகம். ஆகவே வாயிலிருந்து நான்காவது துளையில் தொடங்கி, வாயை நோக்கித் தைத்து, அங்கிருந்து திரும்பி அதே துளைகளின்மேல் கீழே வந்தால் அந்த இடம் இரட்டைத் தையலாகிவிடும். முனையில் மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து, இரு நூலையும் உடல்புறம் கொண்டுவந்து வெட்டுங்கள். பாலியஸ்டர் நூலை 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, தீயால் உருக்கி அழுத்தலாம். லினன் உருகாது, தோலோடு ஒட்ட வெட்டினால் போதும், முடிச்சு தேவையில்லை.

நனைத்து வடிவமைக்கும்போது தோலில் கறுப்புக்கறை விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

தோலின் துவர்ப்பொருள் இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். பழங்கால எழுதுமைகள் பலவும் இதே வினையால் உருவானவைதாம். நீங்கள் அறியாமல் உறைக்குள் மை காய்ச்சிவிட்டீர்கள். எலுமிச்சைச் சாற்றைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் இளங்கறைகள் மங்கும், பிறகு வெறுநீரால் துடைத்துவிட வேண்டும். ஆழ்ந்து ஊறிய கறைக்குக் கறுப்புச் சாயமே நல்ல மருந்து.

கறை விழாதிருக்க, கத்தியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். உறையை வெதுவெதுப்பான நீரில் குமிழிகள் குறையும்வரை முக்கியெடுத்து, மேற்பரப்பு நிறம் சற்று வெளிறத் தொடங்கும்வரை பொறுத்து, பிறகு கத்தியைச் செருகி, கைப்பிடியின் வளைவுகளில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அலகுப் பகுதியை அழுத்த வேண்டியதில்லை. கவ்வ வேண்டிய இடம் கைப்பிடிதான். ஈரத்தோலில் நகமும் மோதிரமும் பதியும் என்பதால் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். நிழலில் ஒருநாளாவது உலரட்டும். அடுப்பருகிலோ கடும்வெயிலிலோ வைத்து விரைவுபடுத்தினால் தோல் சுருங்கி நொறுங்கும். என் நான்காவது உறை அப்படித்தான் போயிற்று.

ஓரங்கள் கடையில் வாங்குவதுபோல் வழவழப்பாக வருமா?

வரும், பொறுமை வேண்டும். தைத்து உலர்ந்தபின் ஓரத்தை 240, 400 எண் உப்புத்தாள்களால் அடுத்தடுத்துத் தேய்த்து, விளிம்பின் கூர்மூலைகளைச் சீவி, சாயம் தருவதானால் இப்போதே தந்து, சிறிது நீர் தடவி, வழவழப்பான மரத்துண்டாலோ முரட்டுத்துணியாலோ சூடேறும்வரை தேய்க்க வேண்டும். மூன்று அடுக்கின் கோடுகளும் மறைந்து ஒரே தோல்போல் மின்னத் தொடங்கும்போது தேன்மெழுகைத் தேய்த்து நிறுத்துங்கள். குரோம் தோலில் இந்த மினுமினுப்பு வராது.

எண்ணெய் தடவலாமா?

மிகக் குறைவாக, ஒருமுறை மட்டும். எண்ணெய் ஊறிய உறை தளர்ந்து, கத்தியைக் கவ்வும் பிடியை இழந்துவிடும். வெளிப்புறத்துக்கு மெழுகுப் பூச்சே ஏற்றது.

கத்தியை உறையிலேயே போட்டு வைக்கலாமா?

எடுத்துச் செல்லும்போது மட்டும். தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவைக்கும். கார்பன் எஃகு அலகானால் சில வாரங்களில் புள்ளிப்புள்ளியாகத் துரு தெரியும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயருள்ளவையும் நீண்டநாள் ஈரத்தில் அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில்லை.

தைத்து முடித்தபின் இறுக்கமாகவோ தளர்வாகவோ இருந்தால்?

தளர்வை மீண்டும் நனைத்து அழுத்தி ஓரளவு சரிசெய்யலாம். லேசான இறுக்கத்துக்கு, கத்தியை நான்கைந்து சுற்றுப் பிளாஸ்டிக்கில் சுற்றி நனைந்த உறைக்குள் செருகி உலரவிடுங்கள். கத்தி பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றால் அது அட்டையில் நேர்ந்த பிழை. தோலில் தீர்க்க முடியாது.

தவறிப்போன தையலைப் பிரித்து, அதே துளைகளில் மறுபடி தைக்கலாமா?

தைக்கலாம். வெளித்தெரியும் ஒவ்வொரு தையலையும் சிறுகத்தியால் அறுத்து, துண்டுகளைக் குறட்டால் இழுத்தெடுங்கள். நூலை நீளமாக உருவ முயன்றால் துளையின் ஓரங்கள் கிழியும். பழைய துளைகளில் குத்தூசியை ஒருமுறை நுழைத்து வழியைத் திறந்துகொள்ளுங்கள், புதிதாக ஒரு துளைகூட இடாதீர்கள். இருக்கும் துளைகளுக்கு நடுவே இன்னொன்று இட்டால், அந்த வரிசையில் தோல் தபால்தலை ஓரம்போலக் கிழிந்து வரும்.